பண்டாரவளை பஸ்ஸுக்கு ஒரு கொட்டை எழுத்து

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இன்னும் மூன்று தகடுகள் இருக்கின்றன. அப்பா தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பெயர் அடித்தவர். தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி.எஃப் என்று ரகம், இலக்கம், நிறை எல்லாம் தகட்டில் ஓட்டையாக வெட்டியிருக்கும். பலகைப் பெட்டியின் மேல் தகட்டை அழுத்திப் பிடித்து, கட்டைத் தூரிகையால் கறுப்பு மையைக் குத்திக் குத்தி எடுத்தால் எழுத்து விழும். ஆங்கில 'ஓ'வின் நடுத்துண்டு கழன்று விழாமல் மேலேயும் கீழேயும் இரண்டு சின்னப் பாலங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பாலங்களை விரலால் தடவிப் பார்த்துத்தான் நான் எழுத்தின் வடிவத்தைக் கற்றேன்.

அந்தத் தகடுகள் ஒன்றில்கூடத் தமிழ் இல்லை.

இப்போது நான் தலவாக்கலையில் ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். பஸ் முன்கண்ணாடி, த்ரீவீல், கடைப் பெயர்ப்பலகை, கிரிக்கெட் ஜேர்சி எல்லாம் வரும். கடைக்கு வரும் தம்பிமார் கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி தமிழில் போட ஏலுமா?" என்று கேட்பார்கள். அவர்கள் காட்டுவது அநேகமாக ஒரே சாயல்தான்: சதுரமாக, மொத்தமாக, மூலைகள் மட்டும் உருண்டு, பழைய ரொக்கெட்டின் பக்கவாட்டில் எழுதியது போல. ஏலும். ஆனால் ஆங்கில எழுத்தை நகல் எடுத்தால் வராது. தமிழுக்கென்று முதலிலிருந்து வரைய வேண்டும். அதை நான் எப்படிச் செய்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன். கணினி இல்லாதவரும் கொப்பியில் வரைந்து பார்க்கலாம்.

இந்தச் சாயல் எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் வரைந்தால் வெறும் தடித்த எழுத்துத்தான் கிடைக்கும்.

1952இல் இத்தாலியின் டூரின் நகரத்தில், நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக அலெஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நொவரேஸேயும் மைக்ரோகிராமா என்ற எழுத்தை உருவாக்கினார்கள். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1962இல் நொவரேஸே அதைச் சிறிய எழுத்துகளுடன் விரித்து யூரோஸ்டைல் ஆக்கினார். இரண்டிலும் வட்டமாக இருக்க வேண்டிய 'ஓ' வட்டமாக இல்லை, சதுரமாகவும் இல்லை. பக்கங்கள் கொஞ்சம் புடைத்து, மூலைகள் உருண்டு, அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் திரை போல இருக்கும்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முதல் பெட்டி கார் பற்றரியில் ஓடியது. முழு லயமும் ஒரு காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். எனக்குப் படத்தைவிட அந்தப் புடைத்த சதுரம்தான் மனத்தில் நின்றது. இன்றைக்கும் கொட்டை எழுத்துக்கு மூலை வளைக்கும்போது கை அந்தத் திரையைத்தான் தேடுகிறது.

இன்னொரு வேர் வங்கியில் இருக்கிறது. ஒரு காசோலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சில இடம் திடீரென்று தடித்தும் சில இடம் மெலிந்தும் இலக்கங்கள் இருக்கும். காந்தத் தன்மையுள்ள மையில் அச்சடித்து இயந்திரம் வாசிப்பதற்காக 1950களின் இறுதியில் அமெரிக்க வங்கிகள் ஏற்றுக்கொண்ட வடிவம் அது. பத்து இலக்கங்கள், நான்கு குறிகள், மொத்தம் 14 உருவங்கள்தான். 1960களில் வடிவமைப்பாளர்கள் அந்தத் தடிப்பையும் மெலிவையும் எடுத்து முழு ஆங்கில நெடுங்கணக்கே செய்துவிட்டார்கள். நாளைய உலகத்தில் கணினி இப்படித்தான் எழுதும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். நேற்று இருந்தவர்கள் கற்பனை செய்த நாளை. இந்தச் சாயலின் இனிமை அதுதான்.

நாசாவின் பெயரை ஒரே தடிப்புள்ள சிவப்புக் குழாய்போல எழுதிய சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். 1975இல் வந்தது, 1992இல் நிறுத்தினார்கள், 2020இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் ஆங்கில 'ஏ' (A) எழுத்துகளுக்கு நடுக்கோடு கிடையாது. கோட்டை எடுத்த பின்னும் எல்லோரும் 'ஏ' என்றே வாசிக்கிறார்கள். நம் ஏகாரத்தில் இதைச் செய்ய முடியாது. கீழே இருக்கும் அந்தச் சின்னச் சாய்வை எடுத்தால் ஏ எ ஆகிவிடும், ஏணி எணி ஆகிவிடும். கொட்டை எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது. ஆங்கிலத்தில் கோட்டைக் குறைத்தால் நாகரிகம். தமிழில் கோட்டைக் குறைத்தால் வேறு எழுத்து.

கொப்பியும் அளவும்

சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பி, அடிமட்டம், பென்சில், கறுப்பு மார்க்கர், கறுப்பு பிரிஸ்டல் போர்ட் ஒன்று, வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், பசை. போதும்.

எழுத்தின் உடல் 12 கட்ட உயரம். அதற்கு மேலே 5 கட்டம் புள்ளிக்கும், கி, கீ-யில் வரும் விசிறிக்கும். கீழே 4 கட்டம் உகரச் சுழிக்கும் ரகரத்தின் வாலுக்கும். நெட்டுக்கோட்டின் தடிப்பு 3 கட்டம். படுக்கைக் கோட்டின் தடிப்பு 2 கட்டம். ஏன் இரண்டும் ஒரே அளவு இல்லை என்றால், ஒரே அளவில் வரைந்தால் படுக்கைக் கோடு கண்ணுக்குத் தடித்துத் தெரியும். அதோடு தமிழில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கைக் கோடுகள் வரும். க-வுக்கே மூன்று. மூன்றையும் 3 கட்டமாகப் போட்டால் 9 கட்டம் கறுப்பு, நடுவில் மிஞ்சுவது ஒன்றரை ஒன்றரைக் கட்டம்தான். 2 கட்டமாகப் போட்டால் 6 கட்டம் கறுப்பு, மூன்று மூன்று கட்டமாக இரண்டு இடைவெளி. க மூச்சு விடும்.

வெளிமூலையின் வளைவு ஆரம் 2 கட்டம். உள்மூலையின் வளைவு அரைக் கட்டம். இரண்டையும் ஒரே அளவில் உருட்டினால் எழுத்து சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கிவிடும். வெளியே உருண்டு உள்ளே கூர்மையாக இருந்தால்தான் இயந்திரத்தில் கடைந்து எடுத்தது போல நிற்கும்.

கறுப்பைக் கட்டி வெள்ளையை வெட்டுங்கள்

பென்சிலால் கோடு போட்டு அதைத் தடிக்கச் செய்யாதீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ஒவ்வோர் எழுத்தும் உள்ளே அடைத்துக்கொண்டது. ஒருநாள் அப்பாவின் தகட்டைக் கையில் வைத்து யோசித்தபோதுதான் புரிந்தது. எழுத்தை வாசிக்க வைப்பது கறுப்பு அல்ல, அதற்குள் இருக்கும் ஓட்டை. அதனால் ஓட்டையைத்தான் முதலில் வரைய வேண்டும்.

பிரிஸ்டல் போர்டில் 9 கட்ட அகலம், 12 கட்ட உயரம் உள்ள ஒரு கறுப்புச் செவ்வகத்தை வெட்டுங்கள். 3 கட்ட அகலம், 10 கட்ட உயரம் உள்ள ஒரு வெள்ளைத் தாளை மேலிருந்து நடுவில் ஒட்டுங்கள். ப வந்துவிட்டது. இதைவிட லேசான எழுத்து தமிழில் இல்லை, அதனால் இதிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது 13 கட்ட அகலச் செவ்வகம் ஒன்று. 2 கட்ட அகலத்தில் இரண்டு வெள்ளைத் தாள்களை மேலிருந்து இறக்கி ஒட்டினால் ய. அதே இரண்டு தாள்களில் வலது பக்கத்ததன் மேல்நுனியை மட்டும் 2 கட்டம் குறைத்து, அங்கே கூரை போட்டு மூடினால் ம. பாருங்கள், யகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கூரைதான். அந்தக் கூரை மெலிந்தால் தூரத்தில் 'மலை' 'யலை' ஆகிவிடும். அதனால் ம-வின் கூரை மட்டும் நான் இரண்டே கால் கட்டம் வைப்பேன். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் சரியாக வாசிப்பார்கள்.

ட-வுக்கு வேறு தொல்லை. அது ஒரு நெட்டுக்கோடும் ஒரு படுக்கைக் கோடும். வலப்பக்கம் மேலே முழுவதும் வெறுமை. 'ஹட்டன்', 'கொட்டகலை' என்று எழுதினால் ட்ட வரும் இடத்தில் பெயர் உடைந்து இரண்டு சொல் மாதிரித் தெரியும். ட-வின் அகலத்தை 8 கட்டமாகக் குறையுங்கள். வலப்பக்க எழுத்தை அரைக் கட்டம் உள்ளே தள்ளுங்கள். படுக்கைக் கோட்டை மட்டும் 3 கட்டமாக்கினால் கீழே கனம் கூடி வெறுமை கொஞ்சம் அடங்கும்.

சரி, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆங்கிலக் கொட்டை எழுத்துகள் பலவற்றில் அகலம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதுதான் அவற்றுக்குச் செங்கல் அடுக்கிய அழகைக் கொடுக்கிறது. தமிழில் முடியாது. ர 9 கட்டம் போதும். ன-வுக்கு 13. ண-வுக்கு ஒரு வளைவு கூட, 18 கட்டம் ஆகும். ண-வை 9 கட்டத்துக்குள் அடைத்தால் வெறும் கறுப்புக் கட்டிதான். ண-வின் நெட்டுக்கோடுகளை இரண்டரைக் கட்டமாக மெலித்து 16 வரை இறக்கலாம். அதற்கு மேல் கசக்காதீர்கள். 1967இல் நெதர்லாந்தின் விம் க்ரௌவெல், கணினித் திரைக்கு ஏற்றதென்று நேர்க்கோடுகளும் சாய்த்து வெட்டிய மூலைகளும் மட்டும் கொண்ட ஓர் எழுத்து வரைந்தார். பார்க்க அற்புதம், ஆனால் சில எழுத்துகளை விளக்கம் இல்லாமல் வாசிக்க முடியாது. கட்டத்துக்காக எழுத்தை வளைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

காலும் ரகரமும்

இது என் கையால் நடந்த பிழை. தொழில் தொடங்கிய முதல் வருடம், ஒரு தனியார் பஸ்ஸுக்கு முன்கண்ணாடியில் 'பண்டாரவளை' என்று வெட்டிக் கொடுத்தேன். மஞ்சள் ஸ்டிக்கர், முழுக்கச் சதுர எழுத்து, ஒரு சாய்வும் இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. மூன்றாம் நாள் நடத்துனர் அண்ணன் கடைக்கு வந்தார். "தங்கச்சி, ஆச்சிமார் எல்லாம் இது எந்த ஊர் பஸ்ஸென்று கேட்கிறாங்க" என்றார். வெளியே போய்ப் பார்த்தேன். டா-வின் காலும் அடுத்த ர-வும் அச்சு அசலாக ஒன்று. 'பண்டாரவளை'யா, 'பண்டரரவளை'யா, 'பண்டாாவளை'யா என்று எனக்கே தெரியவில்லை. முழுவதையும் உரித்துப் புதிதாக ஒட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் புதுக் கொட்டை எழுத்தையும் முதலில் இந்த ஊர்ப் பெயரில்தான் சோதிக்கிறேன். ண் இருக்கிறது, காலும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, வகரத்தின் மூடிய ஓட்டை இருக்கிறது, ளை-யின் இரட்டைச் சுழி இருக்கிறது. இதற்கு மேல் ஒரு பரீட்சை வேண்டாம்.

தீர்வு இதுதான். காலை 8 கட்டமாக ஒடுக்கி, கீழே தட்டையாக வெட்டிவிடுங்கள். ர-வை 9 கட்டமாக வைத்து, வலது காலின் அடியிலிருந்து இடப்பக்கமாக 45 பாகையில் ஒரு சாய்வு வாலை இரண்டு கட்டம் கீழே இறக்குங்கள். வாலின் தடிப்பு படுக்கைக் கோட்டின் தடிப்பே. இதே வாலை ஏகாரத்துக்கும் பயன்படுத்துங்கள். முழுச் சதுரங்களுக்கு நடுவில் அந்த ஒரே சாய்வு மின்னல் மாதிரி தெறிக்கும். எழுத்தைக் காப்பாற்ற வைத்த வால்தான் என் எழுத்துக்கு இன்று அடையாளம்.

ழ-வையும் மு-வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுழி இரண்டுக்கும் ஒரே மாதிரி சதுரமானால் 'மழை'யின் நடுவில் மு நிற்பது போலத் தெரியும். ழ-வின் கீழ்க்கொக்கியைத் திறந்தே விடுங்கள்.

புள்ளி, கொம்பு

புள்ளியை வட்டமாகப் போடுவதா, சதுரமாகவா? மூலை உருண்ட சதுரம், 3 கட்டம். உடலிலிருந்து ஒன்றரைக் கட்டம் மேலே. மெலிந்த புள்ளி மழைத்துளியில் மறைந்துவிடும், புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். ட்-இன் வெறுமைக்குள் புள்ளியை இறக்கி வைத்தும் பார்த்தேன். ஜேர்சியில் அது அழகாக இருந்தது, உயரமும் மிச்சம். பஸ்ஸில் 30 அடிக்கு அப்பால் அது புள்ளியாகவே தெரியவில்லை. அதனால் கிட்ட வைத்து வாசிக்கும் வேலைக்கு மட்டும் அந்த வித்தை.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மேலே உள்ள ஒரு சுழி. கெ, கே இரண்டையும் எழுதி, கொப்பியை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து, வாசலில் நின்று பாருங்கள். சந்தேகம் வந்தால் இரட்டைக் கொம்பின் மேற்சுழிக்கு அரைக் கட்டம் கூடக் கொடுங்கள். 'கொட்டகலை' எழுதும்போது கொம்பு, க, கால் மூன்றும் ஒரே குடும்பமாக நெருங்கி நிற்க வேண்டும். கொம்புக்கும் க-வுக்கும் இடையில் ஒரு கட்டம், காலுக்கும் அடுத்த ட்-க்கும் இடையில் ஒன்றரை.

பாலம் போடுவது

அப்பாவின் தகட்டுக்கு வருகிறேன். பெயின்ட் அடிப்பதற்குத் தகடு வெட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய எக்ஸ்ரே படம் இதற்கு நல்லது. ஈரத்தில் ஊறாது, பிளேட்டால் வெட்ட இலகு, கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். மூடிய ஓட்டை உள்ள எழுத்துகளுக்கெல்லாம் பாலம் வேண்டும்: க, வ, ச, ம, ன, ண, ழ என்று நிறைய. இல்லாவிட்டால் நடுத்துண்டு விழுந்து ஓட்டை முழுவதும் மையாகிவிடும்.

பாலத்தின் அகலம் ஒரு கட்டம். எங்கே போடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சுழி நெட்டுக்கோட்டில் வந்து சேரும் இடத்தில் போடுங்கள். பேனையால் எழுதும்போது கை திரும்புவது அங்கேதான், அங்கே ஒரு இடைவெளி இருந்தாலும் கண் தானாக இணைத்துக்கொள்ளும். ம-வின் கூரையில் மட்டும் போடவே போடாதீர்கள், காரணம் மேலே சொன்னேன். எல்லா எழுத்திலும் பாலம் ஒரே உயரத்தில், கிடையாக வந்தால் பெயர் முழுவதும் ஒரு மெல்லிய கீற்று ஓடுவது போலத் தெரியும். ரொக்கெட் சாயல் வேண்டும் என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் கொடுப்பது இந்தக் கீற்றைத்தான். ஸ்டிக்கருக்குப் பாலம் தேவையே இல்லை, ஆனாலும் போடுகிறேன். ஸ்டோரில் பெட்டி அடித்த எழுத்தின் ஞாபகம் அதில் இருக்கிறது.

எழுத்துருவாக மாற்ற விரும்பினால்

தமிழில் 247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் வடிவம் 18, ஆய்தம் 1, உகர ஊகார உயிர்மெய் 36, குறிகள் 7, டி டீ இரண்டு, ஜ ஷ ஸ ஹ க்ஷ ஸ்ரீ ஆறு, அவற்றுக்குச் சேரும் உகர ஊகாரக் குறி இரண்டு. மொத்தம் 84 படம். மாலையில் இரண்டு எழுத்து என்று வரைந்தால் ஒன்றரை மாதம்.

கொப்பியில் வரைந்ததைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் அதன் மேல் கோடு இழுங்கள். பிறகு ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருளில் ஒவ்வொன்றையும் அதனதன் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இடத்தில் வையுங்கள். இரண்டும் இலவசம். கொ என்பது யூனிகோடில் க-வும் ஒரே ஒரு ஒகரக் குறியும்தான். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்துக் காட்டுவது கணினியின் வேலை. ஆனால் கு, கூ போன்ற 36 வடிவங்களையும் க-வோடு உகரம் சேரும்போது இந்தப் படத்தைக் காட்டு என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டு அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதற்காகப் புது எழுத்துருவையும் பாமினி முறையில் செய்யாதீர்கள். யூனிகோடில் செய்தால் தொலைபேசியிலும் வேலை செய்யும்.

முதலிலிருந்து வரையப் பொறுமை இல்லையென்றால், பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கட்டமரன் எழுத்துருவின் ஆகத் தடித்த 900ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், திறந்த உரிமம். மாற்றி அமைக்கலாம், ஆனால் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, உரிமத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். அதன் வளைவுகளைச் சதுரமாக்கி, மூலைகளை மேலே சொன்ன அளவில் உருட்டினால் ஒரு பெயர்ப்பலகைக்குப் போதும். ஆங்கிலம் பக்கத்தில் வர வேண்டுமென்றால் மாட் மெக்இனர்னியின் ஆர்பிட்ரான் இருக்கிறது. அதுவும் சதுரம், அதுவும் 900 தடிப்பு வரை உண்டு.

எங்கே போடலாம், எங்கே கூடாது

இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் இந்த எழுத்து. பஸ்ஸின் ஊர்ப் பெயர், கழகத்தின் பெயர், ஜேர்சி இலக்கம், தொலைபேசி திருத்தும் கடை, சிகை அலங்காரக் கடை, மென்பந்துச் சுற்றுப்போட்டி பெனர், இசை நிகழ்ச்சி மேடையின் பின்திரை. 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று ஊரெல்லாம் பேசியபோது, பிள்ளைகள் சிலர் டீசேர்ட்டுக்கு '200' கேட்டார்கள். கொழுந்துக் கூடை, மலை, சூரியன் எல்லாம் வேண்டாம், இலக்கம் மட்டும் போதும் என்று சொன்னேன். இரண்டு பூச்சியங்களையும் அந்தப் புடைத்த சதுரத்தில் வரைந்து, நடுவில் கீற்று ஓட விட்டேன். பெட்டியில் அடித்த இலக்கம் மாதிரியும் இருந்தது, நாளைக்கு வரப்போகும் ஏதோ இயந்திரத்தின் இலக்கம் மாதிரியும் இருந்தது. அந்த வேலையை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

மரண அறிவித்தலுக்குப் போடாதீர்கள். கேட்டால் மறுத்துவிடுங்கள், பணிவாகக் காரணம் சொல்லுங்கள். துக்க வீட்டின் வாசலில் இந்த எழுத்து சத்தம் போடும். கலியாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மருந்துச் சீட்டு, பத்து வரி அறிவித்தல் எதற்கும் வேண்டாம். பெனரில் தலைப்புக்கு மட்டும் கொட்டை எழுத்து, திகதியும் இடமும் சாதாரண எழுத்தில்.

மூன்று மொழிப் பலகை வந்தால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எழுத வேண்டிய பலகைகளில் தமிழை ஒடுக்கி, மெலித்து, சில நேரம் பிழையாகவும் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் கடையில் மூன்றுக்கும் ஒரே தடிப்பு, ஒரே வளைவு ஆரம். சிங்கள எழுத்தின் இயல்பு வட்டம். அதைக் கட்டத்துக்குள் நெரிக்க வேண்டாம், தடிப்பை மட்டும் சமன் செய்தால் போதும். தமிழின் உடல் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு ஏற்றுங்கள். அகலம் கூடிப் போனால் பலகையின் எல்லையை மாற்றுங்கள், தமிழைக் கசக்காதீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தந்த மொழிக்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். சிங்களத்தை நான் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கடை மல்லியிடம் காட்டுகிறேன்.

மூடுபனிப் பரீட்சை

பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். அது ஆங்கிலத்துக்கு. தமிழ்க் கொட்டை எழுத்துக்கு நான் ஒன்றரை அங்குலம் வைக்கிறேன். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில் பிற்பகல் மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும் நாட்கள் உண்டு. பஸ் வளைவில் திரும்பி நிற்பதற்குள் ஆச்சி ஊர்ப் பெயரை வாசித்தாக வேண்டும், இல்லையென்றால் பஸ் போய்விடும்.

அதனால் வரைந்ததைத் தாளில் அச்செடுத்து, அதன் மேல் எண்ணெய்த் தாள் ஒன்றை வையுங்கள். வாசிக்க முடிகிறதா? இன்னொன்றை வையுங்கள். எந்த எழுத்தின் ஓட்டை முதலில் அடைபடுகிறதோ, அதற்குப் போய் அரைக் கட்டம் வெள்ளை கூட்டுங்கள். பெரும்பாலும் அது ண அல்லது இ ஆக இருக்கும். கறுப்பில் மஞ்சள், கருநீலத்தில் வெள்ளை இரண்டும் பனியில் நிற்கும். சிவப்பில் கறுப்பு போடவே வேண்டாம். வெள்ளி மினுக்கம், அந்தி வானக் கோடுகள், நியோன் ஒளிவட்டம் எல்லாம் ஜேர்சிக்கும் பின்திரைக்கும் அழகு, பஸ்ஸுக்கு ஆகாது. மினுக்கம் முதலில் ஓட்டையைத்தான் தின்னும்.

இனி ஒட்டும் வேலை. மூலை உருண்டிருப்பதில் ஒரு நன்மை உண்டு. கூர்மூலை ஸ்டிக்கர் பஸ் கழுவும் தூரிகையில் மாட்டி உரியும், உருண்ட மூலை மாட்டாது. ர-வின் வாலுக்கும் அதனால் நுனியில் கால் கட்டம் உருட்டல் கொடுங்கள். மார்கழி, தை மாதக் காலையில் கண்ணாடி பனிக்கட்டி மாதிரி இருக்கும்போது ஒட்டாதீர்கள், 10 பாகைக்குக் கீழே பசை சரியாகப் பிடிப்பதில்லை. வெயில் வந்த பிறகு, பத்து மணிக்கு மேல், கண்ணாடியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தலைமயிர் உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். பெயரின் நடு எழுத்திலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு போங்கள். 'பண்டாரவளை'யில் நடு எழுத்து ர. புள்ளிகளைக் கடைசியாக, ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்தி, பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகே மேல் தாளை உரியுங்கள்.